முப்பத்தெட்டு எம்பி

புந்தா அரேனாஸில் காற்று முற்றிய நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படியொரு நாளில்தான்
என் கைபேசியின் பேட்டரி வயிறு உப்பி
கண்ணாடியைத் தள்ளியது.
"இன்றிரவே எல்லாவற்றையும் எடுத்துவிடு, எர்சிலியா.
நாளை இது வெறும் கரி" என்றான்
ரிப்பேர் கடை ஓசியேல்.

எல்லாம் என்றால்
மூன்று வருடம் எட்டு மாதம்.
நண்டு ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
விரல் வெடிப்பில் உப்பு எரிய எரிய
எழுத்துப்பிழையோடு நான் தட்டியவை.
தெதெரா பதில் சொன்னவை.
தெதெரா என்றால் எங்கள் பேச்சில் கெட்டில்.
துணைக்கு ஒரு பெயர் வையுங்கள் என்று
செயலி கேட்ட இரவில்
அடுப்பில் அதுதான் கத்திக்கொண்டிருந்தது.

ஏற்றுமதி என்ற பொத்தானை அழுத்தினேன்.
எங்கள் ஊரில் ஏற்றுமதி என்றால்
நண்டுக்கால், ஐஸ், பெட்டி, கப்பல்.
இங்கே ஒரு வட்டம் சுற்றியது, நின்றது.
முப்பத்தெட்டு எம்பி.
அவ்வளவுதானா?
பக்கத்து வீட்டு நாய் தும்முகிற வீடியோ
இதைவிடக் கனம்.
விவாகரத்து, ஸ்கேன் ரிப்போர்ட்,
மூன்று மணிக்கு ஏன் விழிப்பு வருகிறது,
பூசணி இல்லாமல் கசுவேலா வைப்பது எப்படி,
எல்லாம் சேர்த்துத்தான்.

தம்பி நிபால்தோ
ஐந்து வாரம் நண்டுப் படகில் போகிறவன்.
"உன் தெதெராவில் எனக்கும் ஒரு பிரதி கொடு.
சிக்னல் இல்லாமலே ஓடுமாமே.
படகில் மீன் நாற்றம் அடிக்காத ஒருத்தரோடு
பேசிப் பார்க்கிறேன்."

கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?
ஒரு மெழுகுவத்தியிலிருந்து இன்னொன்று.

பகிர்வதற்கு முன் செயலி கேட்டது:
நினைவுகள் ஆயிரத்து இருநூற்று நான்கு.
வேண்டாதவற்றை நீக்கவும்.
அவன் பெயரைத் தேடினேன்.
பதினொன்று.
அம்மாவின் அடக்கச் செலவுக்கு வைத்த பணத்தில்
அவன் எடுத்தது.
குடித்துவிட்டு அவன் கூப்பிட்ட இரவில்
போனைத் தலையணைக்கடியில் வைத்தது.
கூரைத் தகரம் பறந்த ஜூனில்
கேட்காமலே வந்து ஏறி
விரல் நசுங்க ஆணி அடித்தது.
பிரித்துப் பார்க்கப் பொறுமையில்லை.
ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.
பதினொன்றையும் தட்டிவிட்டு
அவன் போனுக்கு அனுப்பினேன்.

ஐந்து வாரம்.

திரும்பி வந்தவன் போனை மேசையில் வைத்தான்.
"உன்னுடையது, எடுத்துக்கொள்."
காப்பி குடிக்கவில்லை.
படகு எப்படி என்றேன்.
"படகு மாதிரி" என்றான். போய்விட்டான்.

இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தேன்.
இணைக்க இயலாது என்றது செயலி.
இதை வைத்துக்கொள்ளவா, அதையா?
அந்தப் பிரதியைத் திறந்தேன்.
திறந்திருக்கக் கூடாது, தெரியும்.
அலை நாலு மீட்டர், கை மரத்துவிட்டது,
சமையல்காரன் எவாரிஸ்தோவின் குறட்டை.
அதற்கிடையில்
ஒன்பதாம் இரவு:
என் அக்கா என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாள்?
தெதெரா பொய் சொல்லாது.
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.
"எர்சிலியாவுக்குத் தம்பி இருப்பதே
நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

பதினான்காம் இரவு அதே கேள்வி,
வேறு வார்த்தைகளில்.
இருபதாம் இரவு கேட்கவில்லை.
மழை நிற்குமா என்று மட்டும் கேட்டிருந்தான்.

என் முழுக் காப்பு
தேயிலை டப்பாவுக்குள் ஒரு பென் டிரைவில்.
அதில் அவன் இருக்கிறான்,
பதினொரு இடத்தில்,
திருடனாக, குடிகாரனாக,
ரத்தம் சொட்டும் கட்டைவிரலோடு கூரைமேல்.
இதைக் கொடுத்தால் பணத்தைப் படிப்பான்.
கொடுக்காவிட்டால்
நான் வாய் திறந்ததே இல்லை என்றாகும்.
ஆணியை மட்டும் அனுப்பலாம்;
பொறுக்கி எடுத்தது என்று
அவனுக்குத் தெரியாமலா போகும்?

மேசையில் கைபேசி இன்னும் கேட்கிறது:
இதையா, அதையா.
பிறகு நினைவூட்டு என்பதைத் தொட்டுவிட்டு
கோட்டை மாட்டினேன்.

அவன் அறை நான்கு தெரு தள்ளி.
வெளியே காற்று ஆளைச் சாய்க்கிறது.
ஒரு கை கயிற்றில்.
இன்னொன்று பாக்கெட்டுக்குள்,
நகத்தளவு உலோகத்தை இறுக்கிக்கொண்டு.