அசையாதிருத்தல்

முதலில் காத்திருக்கச் சொன்னார்கள்.
ஓராண்டு.
வெண்மை ஓர் அரிசி அகலம்கூட
நகர்ந்திருக்கக் கூடாது.
நொவீனாவில் மாதம் ஒருமுறை
அதே விளக்கின் கீழ் அதே கையைப்
படம் பிடித்தாள் ரொஹைடா.

துவாஸில் கடலைத் தூர்க்கும் வேலை என் கணவருக்கு.
"கொட்டின மணலும் அப்படித்தான்,
அடங்கி உட்காருற வரைக்கும்
மேல ஒரு செங்கல் வைக்க விடமாட்டாங்க"
என்றார், சோற்றைப் பிசைந்தபடி.
என் கையைப் பார்க்கவில்லை.

இன்று ஊதா மையால் எல்லை கட்டினார்கள்.
மரத்துப்போகக் களிம்பு,
அதன்மேல் பிளாஸ்டிக் தாள்,
ஈரச்சந்தையில் மீனைச் சுற்றுவதுபோல.

தொடையில் சீவி எடுத்தது
வெங்காயச் சருகின் கனம்.
வெயிலே அறியாத இடத்தில்
இருந்திருக்கிறது இத்தனை நிறம்!

உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள்
அது பிரிந்துகொண்டிருக்க,
இங்கே புறங்கையைத் தேய்த்தார்கள்,
ஊசிமுனை ஊசிமுனையாய் இரத்தம் அரும்பும் வரை.

பேரங்காடிக் கல்லாவில் ஒன்பது வருடம்.
"தட்டில் வை" என்று
சில்லறையைக் கையில் வாங்க மறுத்த
எத்தனை பேரோ.
இப்போது இந்தக் கையைத்தான்
நான்கு பேர் குனிந்து பார்க்கிறார்கள்,
மூச்சை அடக்கிக்கொண்டு.

கடைசியில் வந்தது
அரைக் கரண்டி கலங்கல் நீர்.
"இவ்வளவுதானா?"
டாக்டர் சிரித்தார். சொட்டுச் சொட்டாய் விட்டார்.

"ஜாங்ஙான் கெராக்" என்றாள் ரொஹைடா.
அசையாதிருக்க
வெண்மையோடு சேர்ந்து
நானும் ஓராண்டு பழகியிருக்கிறேன்.

மூக்கு அரித்தது.