அவன் விரல், என் விரல்மேல்

மாஹிம் கழிமுகத்தில்
மூன்று நாள் கிடந்தவனைத்
தார்ப்பாயோடு மேசையில் இறக்கிவிட்டு
ஹவல்தார் தாண்டேல் வாசலுக்குப் போய்விட்டார்,
பீடி பற்றவைக்க.
பழக்கமில்லை என்று சொல்ல முடியாது,
இருபத்தாறு வருட சர்வீஸ்.

முகம் இப்போது யாருடையதும் இல்லை.
உள்ளே கிளம்பிய காற்று
கன்னத்தையும் கண்ணையும் ஒன்றாக்கிவிட்டது.
பெற்றவளே வந்தாலும்
அடுத்த மேசையைப் பார்க்கக்கூடும்.

கை மட்டும்
நாளெல்லாம் துணி துவைத்ததுபோல்
ஊறி வெளுத்துச் சுருங்கி,
மணிக்கட்டில் தோல் விட்டிருந்தது.
"ஜரா ஹாத் த்யா" என்றேன்.
மேசையில் இருப்பவர்களிடம்
நான் மராத்தியில்தான் பேசுவது.
மெல்ல இழுத்தேன்.
நகத்தோடு முழுதாய்க் கழன்று வந்தது
உறை.

செத்தவன் கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்தாற்போல்
என்று ஏசுவார்கள், எதிலும் பிடிப்பில்லாதவனை.
இந்தக் கையிடம் கொடுத்துப் பார்த்ததில்லை அவர்கள்.

ஸ்பிரிட்டில் நனைத்து, ஒற்றி,
என் ரப்பர் விரலின்மேல்
அவன் ஆள்காட்டி விரலை மாட்டிக்கொண்டேன்.
கொஞ்சம் தொளதொள.
மூட்டருகே பழைய வெட்டுத் தழும்பு,
தோல் பட்டறைக் கத்தியாக இருக்கலாம்.
மையில் உருட்டினேன். தாளில் உருட்டினேன்.
சுழி, சுழி, வளைவு, சுழி.
பத்து தடவை
அவனாக நான் கைநாட்டு வைத்தேன்.

தொடை எலும்பின் மஜ்ஜை கொஞ்சம் குப்பியில் போயிற்று.
கழிமுகத்துப் பாசிக்குக் கண்ணாடி ஓடு.
அது எலும்புவரை போயிருந்தால்
விழுந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது என்று பொருள்.
போகவில்லையென்றால்
தாண்டேலுக்கு பீடி கூடும்.

புதன்கிழமை ரேகை வாய் திறந்தது.
பழைய கேஸ், தாராவி ஸ்டேஷன்,
சீட்டாட்டம், இருநூறு ரூபாய் அபராதம்.
பெயர் எசக்கிமுத்து.
தகப்பன் பெயர் சுடலைக்கண்ணு.

அடப்பாவி.
அவ்வளவு நேரமும் உன்னிடம்
மராத்தி பேசியிருக்கிறேன்.

குளிர்பெட்டியை இழுத்தேன்.
அறிக்கையில் எழுதும் எதற்கும்
அப்போது தமிழில் சொல் வரவில்லை.
வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை
அம்மாவுக்குப் போன் போடுகிற தமிழ்:
சாப்பிட்டியா.
உடம்பு பரவாயில்லையா.
அங்க மழையா.

முதல் இரண்டும் ஆகாது.
"இங்க மழை விட்டுடுச்சு" என்றேன்.

பெட்டியை உள்ளே தள்ளும்போது
என் ஆள்காட்டி விரல்
தன்னை ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொண்டது.