ஈட்டிய விடுப்பு

காவேரிப்பட்டணம் என்று பெயர்.
காவிரி இல்லை. பட்டணத்துக்கு வேண்டிய கடலும் இல்லை.
ஓடுவது தென்பெண்ணை,
அதுவும் அணையில் மதகு திறந்தால்தான்.
இந்த ஊரிலிருந்து ஒருவன் கடற்படைக்கு வருகிறான் என்றதைச்
சிரிக்காமல் கேட்டவர் தேர்வுக்குழுவில் ஒருவர்தான்.
அவரும் வரைபடத்தில் என்னைத்
தஞ்சாவூர்ப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

எழுபத்தொன்று, மே முதல் ஆகஸ்ட் வரை
என் பணிப்பதிவேட்டில் ஒரே வரி:
லெப்டினன்ட் முனிரத்தினம், ஈட்டிய விடுப்பு, சொந்த ஊர்.

மணியார்டர் கூப்பனைப் படித்துவிட்டுத்
தபால்காரர் பங்காருவிடம் கேட்டிருக்கிறார்:
"சார் லீவுல இருக்காராமே, கண்ணுலயே காணோமே?"
மாங்காய் நறுக்கிக்கொண்டே
"தூங்குறாரு" என்றாளாம்.
நான்கு மாதத் தூக்கம்.

நான் இருந்தது பாகீரதிக் கரையில்.
லுங்கி, பொய்ப்பெயர், முழங்கால்வரை சேறு.
இன்னும் பிறக்காத ஒரு நாட்டுக்காக
நீந்த வந்த பையன்கள்.
வயிற்றில் செங்கல்லைத் துண்டால் இறுக்கிக் கட்டி
இருட்டில் ஆற்றில் இறக்குவேன்.
மல்லாந்து போ. மூக்கு மட்டும் வெளியே.
கால் தண்ணீரை அறைந்தால் நீ செத்தாய்.
ஒருநாள் செங்கல் இருந்த இடத்தில் வெடி வரும்.

மோனி என்று ஒருவன், பாரிசால்காரன், பத்தொன்பது வயது.
சாப்பிடும்போதும் செங்கல்லை அவிழ்க்க மாட்டான்.
"மாசமா இருக்கேன் சார்" என்று தட்டிக் காட்டுவான்.

கல்கத்தா வானொலியில் ஒரு பாட்டு வந்தால் தயாராகு.
இன்னொரு பாட்டு வந்தால் இறங்கு.
எல்லை தாண்ட எனக்கு அனுமதி இல்லை;
நான்தான் விடுப்பில் இருந்தேனே.

மூன்று கப்பல் ஆற்றில் உட்கார்ந்துவிட்டதாகத் தகவல்.
பையன்கள் ஒவ்வொருவராய் நடந்து வந்தார்கள்.
தலை எண்ணினேன்.
திரும்ப எண்ணினேன்.

ஓய்வுக்குப் பின் மாம்பழக்கூழ் ஆலையில் மேற்பார்வை.
சீசனில் இரவு ஷிப்டு, மற்ற நாள் வீட்டில் படுக்கை.
தூக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.
எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது,
பங்காருவுக்குத் தெரியும்.
முப்பத்தோரு வருடம் என்னைக் கேட்காமலே
மோனிக்கு ஒரு முகம் செய்துவைத்திருந்தாள்:
எலுமிச்சை நிறம், இடுப்பு தாண்டிய கூந்தல்.
ஒரு குழந்தையும் இருக்கலாம் என்றுதான்
வீட்டுப் பத்திரத்தைத் தன் பேருக்கு மாற்றச் சொன்னாளாம்.

அணை திறந்த இரவு.
கரையோரம் யாரும் போகாதீர்கள் என்று
ஒலிபெருக்கி வண்டி தெருவைக் கடந்தபோது சொன்னேன்.
செங்கல், பாட்டு, எண்ணிக்கை, எல்லாம்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.
வண்டி மூன்றாவது தெருவுக்குப் போயிருக்கும்.
"பொம்பளையாவே இருந்திருக்கலாம்"
என்றாள்.

பிறகு எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினாள்.
தொட்டி நிரம்பி வெகுநேரமாக வழிந்திருக்கிறது.
எனக்குக் கேட்கவேயில்லை.