பார்

கூட்டத்தை ஏற்காட்டில் வைத்தார்கள்.
கடற்கரை ஊரென்றால் வாசலிலேயே சண்டை மூளும் என்று
யாரோ ஒரு செயலர் யோசித்திருக்கிறார்.
இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
வேம்பாரிலிருந்து வந்த மீனவர்கள் மூவரும்
வழியெல்லாம் வாந்தி.
கடலில் ஒருநாளும் எடுத்ததில்லையாம்.

எனக்குக் கண்ணாடிக் கூண்டில் வேலை.
காதில் ஆங்கிலம், வாயில் தமிழ்,
அரை மணிக்கொரு முறை மாற்றி.
தினக்கூலி, மதியச் சாப்பாடு,
தொண்டை கட்டினால் மிளகுப் பால்.

முதல் நாள்,
கடல் சூடேறி வெளுத்த பவளப்பாறைகள்
திரையில் எலும்பு நிறத்தில் வந்தன.
வெளியே மூடுபனியும் அந்த நிறத்திலேயே வந்து
ஏரியை எடுத்துக்கொண்டு போனது.
"வெளிறல்" என்று மொழிபெயர்த்தேன்.
இன்னாசி ரோச் கையைத் தூக்கினார்.
"வெளிறுறது வெயில்ல போட்ட சேலைம்மா.
இது சாகுறதுக்கு முந்தி பட்டினி கெடக்குறது."
எழுதி வைத்துக்கொண்டேன்.
ஒற்றைச் சொல்லாக அது இன்னும் சுருங்கவில்லை.

மறுநாள் பேசாலை ரீட்டா லெம்பேட் எழுந்ததும்
இன்னாசி காதணிக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
"உங்கட இழுவைப் படகு எங்கட வலையை
அறுத்துக்கொண்டு போகுது."
"என்கிட்ட இருக்கிறது வல்லம்தான் தாயி."
"அறுந்த வலைக்கு
ஆற்ற படகெண்டு தெரியுமோ?"
இருவருக்கும் ஒரே மொழி.
மூன்று நாளில் மிக மோசமான சண்டை அதுதான்.
நான் கூண்டுக்குள் உட்கார்ந்து
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

தேநீர் இடைவேளையில்
மாலத்தீவுப் பெண் ஷிஃபா
ஆங்கிலச் சொல் கிடைக்காமல் திணறி
"ஃபரு" என்றாள்.
நான் வாய் திறக்குமுன்
இன்னாசி நிமிர்ந்தார். "பாரா?"
"ஃபரு."
"பார். எங்க ஊர்லயும் பார்தான்."
பஜ்ஜி எண்ணெய் ஊறிய காகிதத்தில்
ஒரு கோடு கிழித்தார்: வெளியே அலை, உள்ளே அமைதி.
ஷிஃபா காகிதத்தைத் திருப்பி
மீன் முட்டையிடப் போகும் வாயிலைக் குறித்தாள்.
எட்டி நின்ற ரீட்டா கிட்ட வந்தாள்,
கோபம் ஆறியதாகத் தெரியவில்லை.
"உந்த இடத்தில விடிய நேரம் தண்ணி சுழலும்.
அதையும் கீறுங்கோ."

அந்தக் காகிதம்தான் ஏழாம் பிரிவு ஆனது.
சினை மாதங்களில் முழுநிலவை ஒட்டி நான்கு இரவுகள்
எந்தக் கரையிலிருந்தும் வலை இறங்காது.
அதிகாரிகள் இரவு பதினொன்று வரை உட்கார்ந்து
"இயன்றவரை" என்று ஒரு சொல்லை
முன்னால் சேர்த்தார்கள்.
இழுவைப் படகு அடுத்த கூட்டத்துக்குப் போனது.

பதினொன்றாம் பிரிவுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை:
"நிலத்திலிருந்து கடல் சேரும் கழிவுகளைக் குறைத்தல்."
மறுப்பு உண்டா? இல்லை.
அறையில் ஆற்றங்கரை ஆட்கள் யாருமில்லை என்று
நினைத்திருப்பார்கள்.
கூண்டில் ஒருத்தி இருந்தேன்.
குரல் பிசகாமல் சொல்லி முடித்தேன்.

கடைசிப் பேருந்தில் சேலம் இறங்கினேன்.
எங்கள் ஆற்றுக்குத் திருமணிமுத்தாறு என்று பெயர்.
முத்தைப் பெயரில் சுமந்துகொண்டு
இதே மலையில் புறப்பட்டு,
ஊருக்குள் நுழைந்து, எங்கள் பட்டறையைத் தாண்டி,
காவிரியில் போய் விழுகிறது.
வியாழக்கிழமைகளில் அது மெரூன்.
யார் வீட்டுச் சேலைக்கு என்ன நிறம் என்று
பாலத்தில் நின்றே சொல்லிவிடலாம்.

"எவ்வளவு குடுத்தாங்க?" என்றான் வஜ்ரவேலு.
சொன்னேன்.
"பரவால்லையே" என்றபடி சோற்றைப் பிசைந்தான்.
இந்த மாதம் நூல் கடன் ஒரு தவணை அடையும்.

ஒரு மணிக்குமேல் எழுந்து போனான்.
கொல்லையில் தொட்டியின் மூடி நகரும் சத்தம்.
செருப்பில்லாமல் பின்னால் போய் நின்றேன்.
"பார்" என்றேன்.
டார்ச்சை ஆற்றின்மேல் அடித்துத்
தேடினான். "என்னது? பாம்பா?"

நான் சொன்னது
அந்தப் பார் இல்லை.