எட்டாம் நாளுக்கு மிஞ்சிய சுவர்

மேசன் அளவு பிழைத்ததால்
கோவில் சுவரில் ஒரு கட்டம் மிஞ்சிவிட்டது.
ஆறு நாளும் படைத்து, ஏழாம் நாள்
கடவுளை ஆறவிட்டு
சாரத்திலிருந்து இறங்கினேன்.
எட்டாவது வெறும் சுண்ணாம்பு.

"வெள்ளை அடிச்சு விடு பிள்ளை," என்றார் எமிலியானுஸ் சுவாமி.
"கீறுறவள் தூரிகைதான். பிடிச்சிருக்கிற கை மேல இருக்கு."

வவுனிக்குளத்து இஞ்சினியர் விடவில்லை.
நீர்ப்பாசனம் படிக்க மொஸ்கோ போய்
ஒரு பனிக்காலம் முழுக்க
தடைசெய்த தத்துவங்களைத்
தட்டச்சுப் பிரதிகளில் வாசித்தவர்.
"அங்க ஒருத்தர் சொன்னவர், சுவாமி:
கடவுளுக்கும் முந்தினது சுதந்திரம்.
தண்ணியை அவர் படைக்கேல்லை, கட்டைத்தான் கட்டினவர்.
எட்டாம் நாள் மனிசற்ர முறை.
இவள் என்ன கீறுவாள் எண்டு அவருக்கே தெரியாது,
பாத்துக்கொண்டிருக்கிறார்."

"அப்ப மழை ஆற்ரை?"

இஞ்சினியர் நேர்மையானவர்.
எதிர்க்கட்சியையும் அவரே சொன்னார்:
அங்கேயே இன்னொருவர், குருவானவர்;
உலகம் முளைக்குமுன்னே ஞானம் பெண்ணாய்க்
கடவுள் பக்கத்தில் இருந்தாளாம்.
நாம் புதிதாய்ச் செய்வதெல்லாம்
அவள் சாயலைத் தடவிக் கண்டெடுப்பதாம்.

துருசடியில் தண்ணீர் இரைந்தது.
வாளியைக் கலக்கியபடி கேட்டேன்:
சுதந்திரம் முந்தியது எண்டால்
வட்டுவாகலில் தம்பி போனதுக்கு
கடவுளில் வழக்கில்லை.
எல்லாம் அவர் கை எண்டால்
வழக்கிருக்கு, விசாரிக்க ஆளில்லை.

இருவரும் குளத்தைப் பார்த்தார்கள்.

கனநேரம் கழித்து இஞ்சினியர்:
"மூண்டாவதா ஒருத்தர் இருந்தவர்.
புத்தியோட ஒத்துப்போகாத மனிசன்.
நடந்ததை நடக்காததாக்கவும்
கடவுளுக்கு ஏலும் எண்டவர்."

சுவாமி மறுக்கவில்லை.
ஆமென்றும் சொல்லவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சனி இரவு லாம்பு வைத்துக் கீறினேன்:
ஒரு லுமாலா சைக்கிள்,
கரியரில் சுற்றிய பழைய ரியூப்,
இரண்டு சில்லிலும் காற்று.
ஸ்டாண்டில் நிற்கிறது.
ஆளைக் கீற ஏலவில்லை.
அது நம்பிக்கைக் குறைவா,
அவன் வந்து ஏற விட்ட இடமா,
எந்த ரஷ்யனிடமும் கேட்கவில்லை.

விடிய, பூசைக்கு முன்,
சுவாமி சுவரடியில் குனிந்து நின்றார்.
"பூட்டேல்லையோ பிள்ளை?"
"இல்லைச் சுவாமி."
பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்தார்.
பெயின்ற் காயவில்லை.
அந்தக் கறுப்பு விரலோடுதான்
அன்று எல்லோருக்கும் நன்மை கொடுத்தார்.