மிதக்கும் கோதுமை

ஜனவரி. டாலியனில் கடற்காற்று
கத்தியைத் தீட்டிக்கொண்டு தெருவில் ஏறும்.
நான் ட்ராம் ஓட்டுகிறேன்,
ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.
முன் இருக்கைக்காரர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
"உங்களுக்கென்ன பைத்தியமா" என்கிறார்.
பதில் சொல்வதற்குள்
தொப்புளில் கிளம்பிய அனல்
கழுத்தைத் தாண்டி உச்சிக்குப் போய்விட்டது.
அடுத்த நிறுத்தத்தில் இதே நான்
குளிரில் நடுங்குவேன்.
அப்போது மூடுகிறேன், பொறுங்கள்.

வைத்தியர் ச்சூ என்னைவிட இளையவள்.
மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து
பக்கத்து அறைப் பேச்சை ஒட்டுக்கேட்பவள்போல்
தலையைச் சாய்த்தாள்.
நாக்கை நீட்டச் சொன்னாள்.
நாற்பத்தொன்பது வயதில்
நாக்கை நீட்டவும் ஓர் இடம் கிடைத்தது.
"கடைசியாக எப்போது வந்தது?"

கடைசி ட்ராமுக்கு நேரம் உண்டு.
பலகையில் போட்டிருக்கும்.
ஓடி வருகிறவர்களுக்காக
அரை நிமிடம் கூடுதலாக நிற்பேன்.
இது ஒரு நாள் வந்தது, போனது,
இனி வரமாட்டேன் என்று சொல்லிக்கொள்ளாமல்.
அன்று நான் துணி துவைத்திருப்பேன்.
இடுப்பு வலிக்கிறதென்று
அதைத் திட்டியும் இருப்பேன்.

"ஞாபகமில்லை" என்றேன்.
"நீர் வற்றுகிறது, நெருப்பு மேலேறுகிறது" என்றாள்.
எங்கள் டிப்போவில் இதற்கு
வண்டியை ஓரங்கட்டு என்பார்கள்.

மருந்துக்கடையில் சுவர் முழுக்க இழுப்பறைகள்.
சோங் என்ற பையன்
சிறு நிறைகோலைத் தூக்கிப் பிடித்து நிறுத்தான்.
அதிமதுரம். இலந்தைப் பழம் பத்து.
பிறகு கைநிறைய ஏதோ சுருங்கிய தானியம்.
"மிதக்கும் கோதுமை" என்றான்.
தண்ணீரில் கொட்டுவார்களாம்.
மணி பிடித்தது மூழ்கும், அது மாவுக்கு.
பால் ஏறாதது மேலே வரும்.
அரித்தெடுத்து இங்கே அனுப்பிவிடுவார்கள்,
இரவில் வேர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு.
"பதரா?"
"பதர்தான்" என்றவன்
என் முகத்தைப் பார்த்துக் காது சிவந்தான்.
நான் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடி
முதலிலிருந்து நிறுக்க வேண்டியதாயிற்று.

முதல் பானையைத் தெஷுன் தீயவிட்டான்.
கப்பல் பட்டறையில் முப்பது வருடம்
இரும்பை உருக்கியவனுக்கு
சிறு தீ என்றால் என்னவென்று தெரியாது.
வாடை தாழ்வாரமெங்கும் போய்
எதிர்வீட்டு மூ ஷியாங்லான் கதவைத் தட்டினாள்.
யாருக்கு என்ன?
"ஒன்றுமில்லை, கிழங்கு வேகிறது" என்றான் இவன்.
"எனக்கு நின்றுவிட்டது" என்றேன் உள்ளிருந்து,
நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கும் குரலில்.
ஷியாங்லான் போகவில்லை.
வாசலிலேயே நின்றாள், செருப்பைக் கழற்றாமல்.
"எனக்கு மூன்று வருடமாச்சு" என்றாள்.

குடித்தேன். முதலில் இனிப்பு,
பிறகு மேசைக்காலை நக்கியதுபோல்.
மூன்றாம் இரவும் தலையணை நனைந்தது.
ஐந்தாம் இரவு விழித்துத் தடவிப் பார்த்தேன்,
காய்ந்திருந்தது.
ச்சூவைக் கேட்டால் மருந்து என்பாள்,
தெஷுன் போர்வையை மாற்றியதால் என்பான்.
ஆறாம் இரவு மறுபடி ஈரம்.

சக்கையைத் தெருவில் கொட்டினால்
மிதிப்பவர்கள் நோயை எடுத்துப்போவார்கள் என்பார்கள்.
விடியுமுன்னே நிறுத்தத்தின் ஓரமாகக் கொட்டிவிட்டு
முதல் வண்டியை எடுத்தேன்.
மிதித்தார்கள்,
மீன் கூடைக்காரி, பள்ளிப் பிள்ளைகள் இருவர்,
அந்தத் தொப்பிக்காரர்.
மிதித்த காலோடு ஏறினார்கள், என் வண்டியிலேயே.

கடைசி நிறுத்தத்தில் திரும்பிப் பார்த்தால்
தரையெல்லாம் கோதுமை.
டிக்கெட்டும் வாங்காமல்
என் நோய் என்னோடே வந்திருக்கிறது.
துடைப்பத்தை எடுத்தேன்.

இறங்கிக்கொண்டிருந்த தொப்பிக்காரர் நின்றார்.
"இன்று மூடியிருக்கிறதே" என்றார்,
அதையும் குறை சொல்கிறவர்போல.
அப்போதுதான் நான் ஜன்னலைப் பார்த்தேன்.