நாலு பேர் அரிசி

பழம்பொருள் வாங்கி விற்பவன் நான்.
குன்னூர் மவுண்ட் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே
பத்துக்கு எட்டு அறை, ஒரு பூதக்கண்ணாடி.
என் சரக்கெல்லாம் பதவியேற்பு நாள்தான்.
ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர்
வலது கையைத் தூக்கிய அன்றைக்கு
அச்சடித்து விற்ற தட்டு, கரண்டி,
சட்டையில் குத்தும் தகர வில்லை,
அன்றைய முத்திரை விழுந்த தபால் உறை,
போகாதவர்கள் பத்திரப்படுத்திய அழைப்பிதழ்.

தொழிலில் ஒரே விதி:
சோறு படாத தட்டுக்கு நாலாயிரம்,
பட்டதற்கு நானூறு.

கொளப்பள்ளி டேன்டீ லயத்தில்
அப்படியொரு குவளை இருக்கிறதென்று சொன்னது
கேஸ் சிலிண்டர் போடும் ஜோபி.
பந்தலூர் பஸ்ஸில் போய் இறங்கினேன்.
மழை. சாக்ஸுக்குள் இரண்டு அட்டை.

பூங்காவனம் அரிசிப் பானைக்குள் கைவிட்டு
அதை எடுத்து வைத்தார்.
வெள்ளை எனாமல். கைப்பிடி இல்லை.
விளிம்பைச் சுற்றி ஒரு கதிர், நெல்லாக இருக்கலாம்.
சிங்கள எழுத்து ஒரு வளையம்.
தேதியில் பாதி.
ஜனாதிபதி இருந்த இடத்தில்
சாம்பல் போட்டுத் தேய்த்த வெளிச்சம்.
ஒரு காது மட்டும் மிச்சம்.

"முகம் எங்கம்மா?"
"தெனம் கழுவுற சாமான்ல முகம் நிக்குமாய்யா?"

அங்கே மஸ்டர் மைதானத்தில் வரிசையாம்.
பிரஜையாகப் பதிந்தவர்களுக்குக் குவளையும் லட்டும்.
இவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது.
"போறவளுக்கு எதுக்கு?" என்றாராம் கணக்கப்பிள்ளை.
பிறகு பெட்டியின் அடியில் வைக்கோலுக்குள் கிடந்த
உடைந்த ஒன்றைத் தள்ளிவிட்டாராம்.
லட்டு தீர்ந்திருந்தது.
மண்டபம் முகாமில் கஞ்சிக்கு
முதன்முதலாக நீட்டியது இதைத்தான்.

பெங்களூர்க்காரரை வாசலில் நின்று போனில் பிடித்தேன்.
முகம் தெரியுதா?
காது தெரியுது சார்.
கைப்பிடி?
கப்பலுக்கு முன்னாடியே போச்சு.
அறுநூறு, என்றார்,
அந்த வரிசையில் ஒரு இடம் காலியா இருக்கு, அதுக்காக.

பூங்காவனம் உடனே சரி என்றுவிட்டார்.
எனக்குத்தான் ஏமாற்றம்.
ஒரு தடவையாவது மாட்டேன் என்பார்,
நான் எண்ணூறுக்கு ஏறலாம் என்றிருந்தேன்.
"ஆனா இதே அளவுல ஒண்ணு கொண்டாந்து குடுத்துரு.
இதுல தலை தட்டுனா நாலு பேர் அரிசி.
இப்ப ரெண்டு பேருதான், பாதியா அளக்குறேன்.
இருந்தாலும் அளவு மாறக்கூடாது."

கூடலூர் பஜாரில் ஏழு பாத்திரக் கடை.
ஒரு கிலோ பொன்னி வாங்கிக்கொண்டேன்.
குவளையில் தலை தட்டி
எவர்சில்வர் டம்ளரில் கொட்டினால் மேஜையெல்லாம் அரிசி.
பிளாஸ்டிக் மக்கில் கழுத்துக்குக் கீழே நின்றது.
ஒரு பித்தளைச் செம்பு சரியாக வந்தது,
நான் மூச்சு விடுவதற்குள்
கடைக்காரப் பையன் அதைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான்.
விரற்கடை இறங்கிவிட்டது.
"சேட்டா, அரைக் கிலோவா முக்கால் கிலோவா,
அதைச் சொல்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்."
நௌஷாத் என்று பெயர். பொறுமைசாலி.
தராசிலும் வைத்துப் பார்த்தோம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
"இப்படி ஒரு அளவே கெடையாதே," என்றான்.

குன்னூர் கடைசி பஸ் போய்விட்டது.
லாட்ஜ் அறையில் குவளையைப் பேப்பரில் சுற்றி,
பிரித்து, மறுபடி சுற்றினேன்.
பெங்களூரிலிருந்து செய்தி:
கழுவிடாதீங்க, அப்படியே அனுப்புங்க.
நாளைக்கு ஊட்டி மார்க்கெட்டில் பார்க்க வேண்டும்,
அங்கேயும் இல்லையென்றால் பந்தலூர் பஸ்தான்.

ஒன்பது மணிக்கே ஓட்டல்கள் சாத்தியாயிற்று.
நாலு பேர் அரிசி இருக்கிறது மடியில்.
அடுப்பு இல்லை.